பொட்டு மேலே இருக்கோணும்

கார் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் நாச்சிமுத்து கதவைச் சாத்தாமல் நின்றுகொண்டிருந்தார். மிசிசாகாவின் பனிக்காற்று சும்மா விடுமா, உள்ளே கம்பளிக் கால்சட்டை மாட்டி அதற்கு மேல் வேட்டியும் கட்டியிருந்த மனுசனை உச்சி முதல் பாதம் வரை தடவிப் பார்த்தது. அவருக்குக் குளிர் உறைக்கவில்லை. மகள் வாணி கடைசியாகச் சொல்லிவிட்டுப் போன பேச்சுதான் உறைத்தது. பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை அவள். ஒரு காலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு, இன்னொரு காலுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி போகிற போக்கில் சொன்னாள். "உங்க தொழிலும் என்ற தொழிலும் நேர் எதிருங்கப்பா. கோழி முட்டையத் திருப்பலீன்னா குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கிட்டுச் செத்துப்போகும். பல்லி முட்டையத் திருப்புனாச் செத்துப்போகும். அதுக்குத்தான் பென்சில்ல பொட்டு வெக்கறது. பொட்டு எப்பவும் மேலேயே இருக்கோணும்." மாப்பிள்ளை தினகரன் பல்லிக் குஞ்சு டப்பாக்களை அடுக்கிய பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டான். ஹாமில்டனில் ஒரு மண்டபத்தில் ஊர்வன விற்கிற சந்தை, பாம்பும் ஆமையும் ஓணானும் வாங்கப் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஜனம் வருமாம். வாணி ஓடப்போனவள் திரும்பிப் பார்த்து இன்னொன்றும் சொன்னாள். மிளகு என்கிற பல்லி வைத்த முட்டை இந்தத் தடவை கெடாமல் நிற்கிறதென்றால் அது அப்பாவுடைய கைராசிதான் என்றாள். நாச்சிமுத்து சிரித்த மாதிரிதான் ஞாபகம். சிரிக்காமல் என்ன செய்வார், பாவம். அந்த முட்டைகளைக் காலையும் மாலையும் திருப்பிக்கொண்டிருந்ததே அந்தக் கைதானே.

கதவைச் சாத்தினார். நிலவறைக்குப் போகிற படியில் கால் வைத்தார், எடுத்தார். போய் என்ன செய்ய? சமையலறைக்குப் போய்ப் பாலைச் சுட வைத்தார். பால் பொங்குகிறதா என்று பார்க்கிற சாக்கில் நிற்கலாம், நின்றுகொண்டே நினைக்கலாம், வேண்டாம், நினைக்கக் கூடாது. தொடாதே என்று அவள் சொல்லாமலா இருந்தாள்? சொன்னாள். ஊரிலிருந்து இவர் வந்த வாரமே சொன்னாள், அந்தப் பெட்டி மூடியே இருக்கட்டுங்கப்பா என்று. அது சின்னக் குளிர்பெட்டி மாதிரி ஒன்று, கண்ணாடிக் கதவு, உள்ளே குளிருக்குப் பதில் முட்டைக்குச் சூடு. அதைப் பார்த்ததும் அவருக்கு மனசு குளிர்ந்துபோனது. நாமக்கல்லில் கோழிக்குஞ்சு பொரிக்கிற ஹேட்ச்சரியில் முப்பது வருசம் போல இதன் அப்பன் தாத்தனோடு குடித்தனம் நடத்தியவர் ஆயிற்றே. ஓர் அறையே ஒரு பெட்டி, கதவைத் திறந்தால் முட்டையின் மூச்சு முகத்தில் அடிக்கும், தட்டு தட்டாக லட்சக்கணக்கில் முட்டை, மணிக்கொரு தரம் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் சாயும், அடுத்த மணிக்கு மறுபக்கம் சாயும், ஊரே தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி. மோட்டார் நின்றுபோனால் கையால் சாய்க்க வேண்டும். ஆரம்ப காலத்துச் சின்ன மிசினில் மொத்தமும் கைதான். ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் பெருக்கல் குறி, காலையில் வட்டம் மேலே, சாயங்காலம் பெருக்கல் மேலே. எந்த முட்டை திரும்பியது, எது திரும்பவில்லை என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். முதலாளி புதுசாக முட்டை அடுக்குகிற நாளில் முதல் தட்டை நாச்சிமுத்து கையால்தான் வைக்கச் சொல்வார். அப்படி ஒரு கை. அந்தக் கைக்கு முன்னால் போய், பொட்டு வைத்த முட்டையை வைத்தால் அது என்ன செய்யும்?

பொட்டைப் பார்த்ததும் அவருக்கு என்ன தோன்றியது? அடடா, புள்ளைக்குப் பாதிதான் தெரிந்திருக்கிறது என்று தோன்றியது. ஒரு பக்கம் குறி போட்டிருக்கிறாள், மறுபக்கம் போட மறந்துவிட்டாள். மிளகு என்பது அவள் முதல் முதலாக வளர்த்த பெண் பல்லி, சிறுத்தைப்புள்ளிச் சாதி, மஞ்சள் உடம்பில் மிளகு தூவின மாதிரி இருக்குமாம். மற்ற பல்லிகள் வைத்ததெல்லாம் பொரித்து வியாபாரமாகிப் போக, மிளகு மட்டும் வைக்கிற முட்டையெல்லாம் பூசணம் பிடித்துச் சுருங்கிப் போகும் என்று தொலைபேசியிலேயே அழுதிருக்கிறாள். அவர் வந்து இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் மிளகு கடைசியாக இந்த இரண்டையும் வைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டது. இனி அதன் வழியில் வேறு கிடையாது. வந்தவரிடம் வாணி ஊர்க்கதை கேட்கவில்லை, கைப்பிடித்து நேராகக் கீழே கூட்டிப்போய் இதைத்தான் காட்டினாள், இது ரெண்டும் எனக்கு வேணுமுங்கப்பா என்றாள். பல் முளைத்த நாளிலிருந்து அப்பனிடம் வாய் திறந்து ஒன்றும் கேட்காத புள்ளை. எல்லாவற்றுக்கும் அவளுக்கு ஆத்தாள் பாவாயிதான். அப்பன் ஹேட்ச்சரி வாசனையோடு ராத்திரி வருவார், அவள் தூங்கியிருப்பாள், அவ்வளவுதான் உறவு. அப்படிப்பட்டவள் கேட்டுவிட்டாள். இவர் சும்மா இருப்பாரா? மிளகின் முட்டை ஏன் கெடுகிறது என்று யாருக்குத் தெரியும், நமக்குத் தெரியாதா, திருப்பாத முட்டை வேறென்ன ஆகும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். அவள் வேலைக்குப் போனதும் ஒரு திருப்பு, வருவதற்குள் மறு திருப்பு. அவள் சாயங்காலம் பார்க்கிறபோது பொட்டு மேலே இருக்கும். பொரித்த பிறகு சொல்லலாம், சிரித்துக்கொண்டே சொல்லலாம், நீ மறந்த குறியை நான் போட்டேன் அம்முணி என்று. மறுபக்கத்தில் பென்சிலை நோகாமல் ஒற்றி, தோல் மாதிரி மெத்தென்றிருந்த அந்த ஓட்டில் ஒரு சின்னப் பெருக்கல். இரண்டுக்கும்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. துடைத்தார். இன்றைக்குச் சனிக்கிழமை, வீட்டில் எல்லோரும் இருப்பார்கள் என்று விடிவதற்குள் எழுந்து போய்க் காலைத் திருப்பை முடித்துவிட்டிருந்தார், அவ்வளவு பொறுப்பு. ஆக இப்போது அங்கே பொட்டு கீழே இருக்கிறது, பெருக்கல் மேலே இருக்கிறது. இது அப்போதுதான் அவருக்கு உறைத்தது, துடைத்த துணி கையிலேயே இருந்தது. சந்தையிலிருந்து வந்ததும் அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்தப் பெட்டியைத்தான் பார்ப்பாள். பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொரு தரம் திருப்பி வைத்தால் பொட்டு மேலே வந்துவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது, செத்தாலும் மிளகின் முட்டை வழக்கம்போலக் கெட்டுப்போனது என்றுதான் இருக்கும், அப்பன் கைராசி அப்பன் கையிலேயே இருக்கும். ஆனால் உள்ளே ஒரு பொட்டு உசுர் ஒட்டிக்கொண்டிருந்தால்? இன்னொரு திருப்பில் அது போய்விட்டால்? பாலை யார் குடிப்பது. அப்படியே வைத்துவிட்டுப் படியிறங்கினார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் திருப்பு, திருப்பாதே, திருப்பு என்று மனசு அடித்துக்கொண்டது.

கீழே கதகதப்பாக இருந்தது. வரிசை வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் அடியில் சூட்டுத் தகடு, ஒவ்வொன்றிலும் ஒரு பெண் பல்லியோ ஆண் பல்லியோ தலையைத் தூக்கி இவரைப் பார்த்தது. இந்த வயசு வரைக்கும் பல்லியோடுதானே இருந்திருக்கிறார். கடிகாரத்துக்குப் பின்னால், டியூப் லைட்டு ஓரத்தில், சாமி படத்துக்கு மேலே. ஒருநாளாவது நிமிர்ந்து முகத்தைப் பார்த்திருப்பாரா? பாவாயி சொல்லுவாள், தோளில் விழுந்தால் இன்ன பலன், தலையில் விழுந்தால் இன்ன பலன் என்று, விழாமல் இருந்தால் வெளக்கமாறு. மகள் பல்லி வளர்த்து விற்கிறாள் என்று ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை அவள், ஏதோ பிராணி வியாபாரம் என்று சொல்லி வைத்திருக்கிறாள், கேட்டவர்கள் நாய்க்குட்டி என்று நினைத்துக்கொண்டார்கள். இங்கே வந்த மறுநாள் வாணி ஒரு குஞ்சை எடுத்து இவர் உள்ளங்கையில் விட்டாள். சுண்டுவிரல் அளவு. கறுப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக. அது இவரைப் பார்த்தது, பார்த்துவிட்டுக் கண்ணை மூடித் திறந்தது. நாச்சிமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பல்லி கண் சிமிட்டுமா? நம்மூர்ப் பல்லிக்கு இமையே இல்லைங்கப்பா, இதுக்கு உண்டு என்றாள் வாணி. இத்தனை வருசம் சுவரில் இருந்தவை இமை இல்லாமல் ராப்பகலாக விழித்துக்கொண்டே இருந்ததும் தெரியவில்லை, இமை உள்ளது ஒன்று வந்து சிமிட்டிக் காட்ட வேண்டியிருந்தது. வயிற்றுத் தோல் கண்ணாடி மாதிரி, உள்ளே குடல் ஓடுவது தெரிந்தது. விரல்கள், ஐந்தைந்து, பச்சைப்புள்ளை விரல் மாதிரி இவர் ரேகையைப் பிடித்துக்கொண்டு நின்றன. இவர் மூச்சுக் காற்று பட்டதும் வாயைப் பிளந்து கீச்சென்று ஒரு கத்தல். இத்துனூண்டு தொண்டையில் அத்தனை பெரிய சத்தம். பயத்துல கத்துதுங்கப்பா, குஞ்சா இருக்கறப்ப மட்டும்தான் கத்தும், பெரிசானா ஊமை மாதிரி இருக்கும் என்று சொல்லி அவள் விரலால் அதன் முதுகை நீவினாள். லட்சக்கணக்கில் குஞ்சு பொரித்த மனுசன், அன்றைக்குத்தான் ஒரு குஞ்சைப் பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு.

அதைவிட அன்றைக்கு இன்னொன்று சொன்னாள், அதில்தான் இவர் ஆடிப்போனார். முட்டையில் ஆணா பெண்ணா என்று முன்கூட்டியே எழுதியிருப்பதில்லையாம். இந்தச் சூட்டில் வைத்தால் பெரும்பாலும் பெண்ணு, கொஞ்சம் ஏற்றி வைத்தால் ஆணு. குமிழைத் தொட்டுக் காட்டினாள், வானொலியில் பாட்டு கூட்டுகிற மாதிரி ஒரு குமிழ். நாச்சிமுத்து அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டு நின்றார். நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணைக்குப் பெட்டை மட்டும்தான் வேண்டும். பொரித்த அன்றைக்கே பிரித்துவிடுவார்கள், பெட்டை ஒரு பக்கம், சேவல் ஒரு பக்கம். சேவல் கூடையில் போகும். சாயம் முக்கி ரோஸும் பச்சையுமாகச் சந்தையில் விற்கக் கொஞ்சம் பேர் வாங்கிப் போவார்கள், மிச்சம் எங்கே போகுமோ அங்கே போகும். கூடை நிறையச் சத்தம். அந்தச் சத்தம் வீட்டுக்கு வந்து படுத்தால்தான் கேட்கும், அங்கே நிற்கிறபோது கேட்காது. கோழிக்கும் இப்படி ஒரு குமிழ் இருந்திருந்தால்? கடவுளே, ஒரு குமிழ். எதைத் திருப்ப வேண்டும், எதைத் திருப்பக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதியை எழுதி வைத்துவிட்டு எவன் இப்படி வேடிக்கை பார்க்கிறான்? கோழிக்கு அசைவு, இதற்கு அமைதி. இரண்டும் முட்டைதான், இரண்டுக்குள்ளும் இருட்டுதான், இரண்டிலும் ஏதோ ஒன்று சுருண்டு படுத்து வெளியே வரத்தான் பார்க்கிறது. அவர் முப்பது வருசம் ஒரு வாசலில் நின்றுவிட்டு, வாசல் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பெட்டி முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடி வழியே பார்த்தார். ஈரக் கல்துகளில் பாதி புதைந்து, பேரீச்சம்பழம் அளவில் வெள்ளையாக இரண்டும் படுத்திருந்தன, மேலே பெருக்கல், பெருக்கல். பரீட்சைத் தாளில் தப்புக்குப் போடுகிற குறி மாதிரி. கதவைத் திறந்தார். கை தானாக நீண்டது, அது பழகிய கை, அதற்குக் கட்டளை வேண்டியதில்லை. முட்டைக்குக் கிட்டே போனதும் நின்றது. இடது பக்கத்து முட்டை வேர்த்திருந்தது. ஓட்டின் மேல் பொடிப்பொடியாகத் தண்ணீர்த்துளி. ஒரு பக்கம் குழிந்து வேறு இருந்தது, காற்று போன பந்து மாதிரி. வேர்த்த முட்டை கெட்ட முட்டை. இதை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், வேர்த்தால் கிருமி உள்ளே போய்விடும், எடுத்து வீசு என்று. குழிந்ததோ கேட்கவே வேண்டாம். முடிந்தது. மிளகும் போய், மிளகின் கடைசியும் போனது. யார் கையால்? டார்ச்சை எடுத்து முட்டையைத் தொடாமல் பக்கவாட்டில் காட்டினார். ஊரில் என்றால் விளக்கில் காட்டினதும் நரம்பு தெரியும், சிவப்புச் சிலந்தி மாதிரி கிளை விரித்து நிற்கும், செத்ததில் வெறும் வளையம். இதில் ஒன்றும் தெரியவில்லை. இருட்டு. நிறைந்து கிடந்த இருட்டு. அது சாவா, முழுசாக வளர்ந்து உள்ளே இடமில்லாமல் அடைத்துக்கொண்டிருக்கிற உசுரா, எது என்று சொல்ல அவருடைய முப்பது வருசத்தில் ஒரு வார்த்தை இல்லை. டார்ச்சை அணைத்தார். திருப்பிவிடு என்றது மனசு, செத்ததைத் திருப்பினால் என்ன குறைந்துவிடும், குறியையாவது மறை, புள்ளை உன் முகத்தில் முழிக்க வேண்டாமா? இந்த ஒரு குளிர்காலம்தான் அவள் உன்னோடு உட்கார்ந்து சோறு தின்றாள், கதை சொன்னாள், உன் உள்ளங்கையில் ஓர் உசுரை நம்பி விட்டாள். நீ என்னதான் சொன்னாலும் அவளுக்கு நீ சேவல் குஞ்சுக் கூடை தூக்கிப்போன அப்பன் ஆகிவிடுவாய். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் முட்டையின் இரண்டு பக்கமும் வந்து நின்றன. ஓட்டின் சூடு விரலுக்குத் தெரிந்தது, புள்ளைக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்கிறபோது தெரிகிற சூடு. உள்ளே இருந்து ஏதோ ஒன்று தட்டியது. அல்லது அவருடைய நாடிதான் விரல் நுனியில் அடித்ததோ. எதுவாக இருந்தால் என்ன. கையை எடுத்துவிட்டார். எடுத்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார், வாத்தியாருக்குப் பயந்த பையன் மாதிரி. இரு சாமி, இனி நான் தொடமாட்டேன் என்று முட்டையிடம் வாய்விட்டுச் சொன்னார்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ. மேலே எங்கோ பனி சரிந்து விழுகிற சத்தம், குழாயில் சூட்டுக்காற்று ஓடுகிற சத்தம். சோறு திங்கவில்லை என்பதும் நினைவில்லை. பாவாயி இங்கே இருந்தால் என்ன சொல்லுவாள் என்று நினைத்தார். அவள் சொல்லமாட்டாள், பல்லியைச் சொல்லவிடுவாள். அந்த வீட்டில் எந்தச் சண்டையையும் பல்லிதான் தீர்த்து வைக்கும். இவர் ஒன்று சொல்வார், அவள் ஒன்று சொல்வாள், கடிகாரத்துக்குப் பின்னால் இச் இச் என்று கேட்டதும் அவள் தரையில் விரல் மடக்கித் தட்டி, பாத்தீங்களா, பல்லியே சொல்லிருச்சு என்பாள். அப்புறம் அப்பீல் கிடையாது. வாணியும் பாவாடை கட்டின வயசில் பக்கத்தில் உட்கார்ந்து ஆத்தாளோடு சேர்ந்து தட்டுவாள், எதற்கு என்றே தெரியாமல். இங்கே இத்தனை பல்லி இருக்கிறது, ஒன்றுக்கும் பேச்சில்லை. நடந்ததை நீயே சொல்லு என்று எல்லாமாகச் சேர்ந்து இவரையே பார்த்தன, சிமிட்டிச் சிமிட்டி. அப்போதுதான் அந்த வேர்த்த முட்டை அசைந்தது. அசைந்ததா? குனிந்தார். பெருக்கல் குறியின் ஒரு கால் மேல், பிளேடால் கீறினது போல ஒரு கோடு. கோடு நீண்டது. ஒரு சொட்டுத் திரவம் எட்டிப் பார்த்து நின்றது. கோட்டுக்குள்ளிருந்து ஒரு மூக்கு, உளுந்து அளவுகூட இல்லை, வெளியே வந்து நின்று காற்றை முதல் தடவையாக இழுத்தது. நாச்சிமுத்து மூச்சை விட்டுவிட்டார், அது இழுக்கட்டும் என்று. முகம் முழுக்க வந்தது. ஈரமாக, பட்டை போட்டு, கிழவன் மாதிரி சுருங்கிய முகம். அப்படியே களைத்துப் படுத்துக்கொண்டது, ஓட்டைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு. வேர்த்ததும் குழிந்ததும் சாவு இல்லை, அது புறப்பாடு. ஆயிரமாயிரம் தரம் இவர் கதவைத் திறந்தபோது எல்லாம் பொரித்து முடிந்து கத்திக்கொண்டிருக்கும், எண்ணிப் பிரிக்கத்தான் நேரம். ஒன்று இப்படி வருவதை, வந்து இளைப்பாறுவதை, உட்கார்ந்து பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அதைத் துடைக்கத் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுக்கவும் பயமாக இருந்தது. வலது பக்கத்து முட்டை வேர்க்கவில்லை, குழியவில்லை, அப்படியே கிடந்தது. அதை அவரால் பார்க்க முடியவில்லை.

மேலே கதவு திறந்தது, பூட்ஸ் சத்தம், ஏனுங்கப்பா, விளக்குப் போடாம என்ன பண்றீங்க என்று வாணியின் குரல் படியிறங்கி வந்தது. கோட்டில் பனி அப்படியே இருந்தது. எல்லாக் குஞ்சும் போய்விட்டதாம், ஒரு பையன் டப்பாவைக் காதில் வைத்துக் கேட்டானாம், சொல்லிக்கொண்டே வந்தவள் திறந்திருந்த கண்ணாடிக் கதவைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள். முக்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். மூக்கை முதலில் பார்த்தாள், முகம் மலர்ந்தது, மிளகு, மிளகு என்று முணுமுணுத்தாள், அப்புறம் அந்த மலர்ச்சி பாதியில் நின்றது. முட்டை ஓட்டிலிருந்து அவள் பார்வை பக்கத்து முட்டைக்குப் போனது, திரும்பி வந்தது. பொட்டு எங்கே என்று அவள் தேடுவது நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தது.

"இது ஆருங்கப்பா போட்டது?"

"நாந்தான் அம்முணி. தெனமும் நாந்தான் திருப்புனேன். நீ மறந்துட்டீன்னு நெனச்சு, ரெண்டையும்."

வாணியின் தாடை இறுகியது. அடுத்து அவள் என்ன சொல்லியிருப்பாளோ, அது இருவருக்கும் தெரியாமலே போய்விட்டது. முட்டைக்குள்ளிருந்த முகம் வாயைப் பிளந்து, அந்தச் சின்ன அறை கிழிகிற மாதிரி கீச்சென்று கத்தியது. வாணியின் கை எழுந்தது. முக்காலியின் காலில், இவர் முழங்காலுக்குப் பக்கத்தில், விரலை மடக்கி டக் டக் டக்கென்று தட்டினாள். தட்டின பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அந்தக் கையால் அப்பாவின் கையைத் தொடைக்கு அடியிலிருந்து உருவி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதை விடாமல் பிடித்துக்கொண்டே, இன்னொரு முட்டையை இரண்டு பேருமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.